டோரதி அம்மாள் வீட்டு மாடியில் ஊற்றிய தண்ணீர்

துறைமுகத்துக்குக் கல்சுவர் போட்ட பிறகு, ராயபுரத்துக் கரையில் குடியிருந்தவர்களுக்குக் கடல் ஒரு பங்காளியாகிவிட்டது. வருஷா வருஷம் மழைக்காலத்தில் வந்து, ஆளுக்கொரு துண்டு நிலம் கேட்டு வாங்கிக்கொண்டு போகும். கொடுக்கமாட்டேன் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாயில்லை.

வியாகுலம்மாளிடமும் அது இரண்டு தரம் வாங்கியது. முதல் தரம் கல்யாணமான புதிதில், பின்சுவரை மட்டும். இரண்டாம் தரம், எம்டன் கப்பல் வந்து பட்டணத்தின்மேல் குண்டு போட்டதற்குச் சில வருஷம் கழித்து ஒரு கார்த்திகையில். அப்போது கூரை, அடுப்பு, ஆப்பச்சட்டி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

வியாகுலம்மாள் யாரென்றால், படகுத் தண்டல் மிக்கேலுக்குப் பிறந்த பெண்களில் கடைசி. படகுக்கும் அதில் துடுப்புப் போடுகிற ஆட்களுக்கும் தலைவனைத் தண்டல் என்பார்கள். மூத்தவளை எண்ணூரில் கொடுத்தார்கள். அடுத்தவளைப் பழவேற்காட்டில் கொடுத்தார்கள். அவள் வழியில் வந்தவர்கள் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். இவளை மட்டும் தூரத்தில் கொடுக்க மிக்கேலுக்கு மனசு வரவில்லை. அதே தெருவில், தன் உடன்பிறந்தாள் மகன் சந்தியாகுவுக்கே கட்டிவைத்தார். சந்தியாகுவும் தண்டல்தான். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தேங்காய்க் கயிற்றால் தைத்துச் செய்கிற மசூலாப் படகு அவனுடையது. கப்பல்கள் துறைமுகத்துக்குள்ளேயே வந்து நிற்கத் தொடங்கிய பிறகும் அந்தப் படகுக்கு ஏதோ கொஞ்சம் வேலை இருந்தது. மீதிக் குடும்பத்தை வியாகுலத்தின் ஆப்பம் பார்த்துக்கொண்டது. விடிந்தால் ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் அவள் அடுப்பு எரியும்.

வீடு இரண்டாம் தரம் போன அன்று, ஈரச் சேலையோடு மணலில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "இனிமே மணல்ல வூடு கட்டமாட்டேன். செங்கல்லு வூடுதான். கடலு கண்ணுக்குத் தெரியாத எடத்துல."

"கடலு தெரியலன்னா எனக்கு மூச்சு முட்டும்மே" என்றான் சந்தியாகு.

"முட்டட்டும். மாடி மேல ஏறிப் பாத்துக்க."

செங்கல் வீடு அமைகிறவரைக்கும், அதே கரையில் சந்தியாகுவுக்கு மச்சான் முறையான ஒருவன் வீட்டு வராந்தாவில் குடியிருந்தார்கள். கையில் சேர்ந்தது, கழுத்தில் காதில் கிடந்தது, அவள் அப்பன் விட்டுப்போனது, எல்லாம் சேர்த்தால் ஒரு பழைய வீட்டுக்குக் காணும். அந்த ஒரு வீடு தப்பாகிவிட்டால் இன்னொரு வீடு இந்தப் பிறவியில் கிடையாது. இது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு பயந்தாள்.

வீடும் கிடைத்தது. ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் டோரதி என்று ஒரு சட்டைக்காரம்மாள் இருந்தாள். ஆங்கிலோ இந்தியர்களை அப்போது ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். புருஷன் ஹென்றி ரயில் இன்ஜின் ஓட்டியவர், காலமாகிவிட்டார். ஒரே பெண்ணை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். டோரதி தினமும் வியாகுலத்திடம்தான் ஆப்பம் வாங்குவாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளுக்குப் பக்கத்தில்தான் முழங்கால் போடுவாள். ஒருநாள் ஆப்பத்தை வாங்கிக்கொண்டு, "வியாகுலம், நான் மக கிட்ட போறேன். வூட்டை விக்கணும். உனக்கு வேணுமா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனாள். அன்று வியாகுலம் சட்டியில் விட்ட ஆப்பம் ஒன்று கருகியது. அதைப் பார்த்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தளம் போட்ட வீடு. உப்பு வியாபாரி ஒருவர் எந்தக் காலத்திலோ கட்டியது. முன்னறை, நடு அறை, வடக்கு மூலையில் ஓர் அறை, பின்னால் கிணறு. மாடிக்குப் படிக்கட்டு.

கொருக்குப்பேட்டையில் இருந்த வியாகுலத்தின் மாமன் மகன் கதவில் செதுக்கியிருந்த பூவைப் பார்த்து மயங்கி ஒரு பழைய வீடு வாங்கினான். முதல் மழையில் கதவு மட்டும்தான் நின்றது. அதனால் வியாகுலம் ஒரு முடிவோடு இருந்தாள். எதை எவனுக்குத் தெரியுமோ அவனைக் கூட்டிவந்து அதைக் காட்டவேண்டும்.

"ஆப்பம் வாங்க வரவன் கூட ஓரத்த தட்டிப் பாத்துட்டு தாம்மா வாங்குறான்" என்று டோரதியிடம் சொன்னாள். "நீ கோச்சிக்காத."

"பாரு, பாரு. நல்லா பாரு" என்றாள் டோரதி. "என் வூட்டுக்கு ஒண்ணும் இல்ல."

முதலில் ராமசுப்பு வந்தான். ரயில் பெட்டிகளுக்கு மரவேலை செய்கிற தச்சன். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு உத்திரத்திலும் மெல்லிய துரப்பணத்தால் ஒரு துளை போட்டு, வந்த தூளை உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்தான். "பர்மா தேக்கு. கரையான் தொடல. நடு ரூம்புல ஒரு கட்டை மட்டும் பேஜாரு, மாத்திக்கலாம்" என்று சொல்லி இறங்கினான்.

கிணற்றை யாரிடமும் காட்டவில்லை. அதற்கு அவளே போதும். ஒரு குடம் தண்ணீர் எடுத்துப்போய், அதில் மாவு கரைத்து வைத்துப் பார்த்தாள். காலையில் மாவு பொங்கி, ஆப்பம் நடுவில் பஞ்சாகப் பூத்தது. கிணறு தேறிவிட்டது.

கடைசியாகக் கொல்லத்துக்காரர் அலி அக்பர் வந்தார். பட்டணத்தில் கொத்து வேலை செய்கிறவர்களைக் கொல்லத்துக்காரர் என்றுதான் சொல்வது. அவர் வாப்பாவும் மிக்கேல் தண்டலும் ஒரே தட்டில் சாப்பிட்ட தோஸ்துகள். அந்த முறையில் வியாகுலம் அவருக்குத் தங்கச்சி. அவர் எல்லாச் சுவரையும் கைமுட்டியால் தட்டிக்கொண்டே போய், வடக்கு மூலை அறையில் நின்றுவிட்டார். மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது.

"அது எம்டன்" என்றாள் டோரதி. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "அந்த ராத்திரி குண்டு விழுந்தப்போ வந்தது. என் ஹென்றி இங்கதான் நின்னுகினு இருந்தான். சொவரு கண்ணு முன்னால பிளந்துச்சுன்னு சொல்லுவான். பழசு, பாய். இனிமே ஒண்ணும் ஆகாது."

அந்தக் காலத்தில் ராயபுரத்தில் எந்த வீட்டு விரிசலைக் கேட்டாலும் எம்டன் என்பார்கள். எம்டன் போட்ட குண்டுகளைவிட அது உண்டாக்கிய விரிசல்கள் அதிகம். அலி அக்பர் விரிசலில் நகத்தை விட்டுப் பார்த்தார். பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் ஒட்டினார்.

"சொவரு நின்னுடுச்சுன்னா இது இப்டியே கெடக்கும். இன்னும் நகர்ந்துகினு இருந்தா முறிஞ்சுடும். ஒரு மழை பாக்கணும் தங்கச்சி."

அங்கேதான் சிக்கல். மழைக்கு இன்னும் மாதங்கள் கிடந்தன. டோரதிக்கோ மகள் தலைப்பிரசவத்துக்கு முன்னால் அரக்கோணம் போய்ச் சேரவேண்டும். கூட்ஸ் ஷெட் காண்ட்ராக்டர் ஒருவரும் அந்த வீட்டைக் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். காத்திருந்தால் வீடு போய்விடும். காத்திராமல் வாங்கினால், உள்ளதெல்லாம் சுவரோடு போனாலும் போகும். வியாகுலம் சோறு இறங்காமல் வளைய வந்தாள்.

இதையெல்லாம் சந்தியாகு பார்த்துக்கொண்டே இருந்தான். தச்சனைக் கேட்டாள், கொல்லத்துக்காரரைக் கேட்டாள், கட்டின புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவனுக்குக் குத்தியது.

"எல்லாரும் பாத்தாச்சு. நான் பாக்க வாணாமா?" என்றான்.

"உனுக்கு வூட்ட பத்தி இன்னா தெரியும்?"

"ஓட்டை இன்னாமே, படகுல ஒண்ணு, வூட்டுல ஒண்ணா?"

அவள் சிரித்துவிட்டாள். பல நாளாகச் சிரிக்காதவள் சிரித்ததில் அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. பார்த்துக்கொள் என்று அவள் சொல்லவில்லை, பார்க்காதே என்றும் சொல்லவில்லை. தண்டலுக்கு அது போதும்.

படகுக்காரர்கள் பழைய மசூலாப் படகை வாங்கும்போது ஒரு வழக்கம் உண்டு. படகை மணலில் ஏற்றி நிறுத்தி, அதற்குள்ளே தண்ணீரை ஊற்றி நிரப்புவார்கள். பிறகு வெளியே சுற்றிவந்து, எந்தத் தையல் கசிகிறது என்று பார்ப்பார்கள். கடலில் வெளியிலிருந்து உள்ளே வரப்போகிற தண்ணீரைக் கரையில் உள்ளேயிருந்து வெளியே வரவைத்துப் பார்ப்பது. சந்தியாகுவின் அப்பன் செய்தது அது, அவன் அப்பன் செய்தது அது. அதைவிட நல்ல வழி உலகத்தில் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், வியாகுலம் மாவுக்கு அரிசி வாங்கப் போயிருந்த நேரம், அவன் தன் படகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு டோரதி வீட்டுக்குப் போனான். ஆளுக்கொரு குடமும் வாளியும்.

"மாடிய ஒரு தபா பாத்துக்கறோம்மா."

"பாரு மேன்" என்று சொல்லிவிட்டு டோரதி முன்னறையில் படுக்கப் போய்விட்டாள். வெயிலுக்குச் சட்டைக்காரம்மாள்கள் படுப்பது வழக்கம்.

மாடித் தண்ணீர் வெளியே போகிற தூம்புகளை எல்லாம் தேங்காய் நாரும் கந்தலும் திணித்து, படகுத் தையல் அடைப்பதுபோல் இறுக அடைத்தார்கள். கிணற்றடியிலிருந்து படிக்கட்டு வழியாக மாடிவரைக்கும் வரிசையாக நின்றார்கள். குடம் கைமாறத் தொடங்கியது. கை வேலை செய்தால் படகுக்காரனுக்கு வாயும் சேர்ந்து வேலை செய்யும். ஏலேலோ போட ஆரம்பித்தார்கள். கீழே படுத்திருந்த டோரதி, வீடு வாங்கப் போகிறவர்கள் மாடியைக் கழுவித் தருகிறார்கள், என்ன நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தாளாம். இதை அவளே பிற்பாடு சொன்னாள்.

வியாகுலம் அரிசி மூட்டையோடு தெருமுனை திரும்பும்போது, கடலில் கேட்கவேண்டிய பாட்டு ஒரு வீட்டு மாடியிலிருந்து கேட்டது. மூட்டையை அங்கேயே ஒரு வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நடு அறையில் சந்தியாகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து தளத்தைப் பார்த்தபடி, படகைச் சுற்றுவதுபோல் சுற்றிவந்துகொண்டிருந்தான்.

"இன்னாயா பண்றே?"

"வெளிய பாத்துகினு கீறேன்."

"வூட்டுக்குள்ள நின்னுகினு இன்னா வெளிய?"

"படகுக்கு உள்ள ஊத்துனா வெளிய தெரியும். வூட்டுக்கு மேல ஊத்துனா உள்ள தெரியும். அவ்ளோ தான் வித்தியாசம். நல்ல தளம்மே, ஒரு சொட்டு எறங்கல."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, முன்னறையில் டோரதி "மை காட்" என்றது கேட்டது. அவளுடைய கட்டிலுக்கு மேலே ஒரு சொட்டு இறங்கியிருந்தது. அது இறங்கின இடம் அவள் நெற்றி. அதே சமயம் வடக்கு மூலை அறையில் 'டிக்' என்று ஒரு சத்தம். வியாகுலம் போய்ப் பார்த்தாள். கண்ணாடிச் சில் இரண்டாக முறிந்து, ஒரு பாதி தரையில் கிடந்தது. விரிசலில் இப்போது அவள் கட்டைவிரல் நுழைந்தது.

"அடைப்ப எடுங்கடா. எல்லாத்தையும் எடுங்கடா" என்று அவள் படிக்கட்டில் நின்று கத்தினாள். அப்பன் தண்டலின் குரல் அதில் அப்படியே இருந்தது. ஆட்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பாய்ந்தார்கள். நாரைப் பிடுங்கியதும் தூம்புகள் வழியாகத் தண்ணீர் தெருவில் கொட்டியது. எதிர்வீட்டு ஆடுகள் நனைந்து ஓடின. டோரதி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, "இன்னா மேன் இது. உன் கடலை என் வூட்டு மேல கொண்டாந்து ஊத்திட்டே" என்றாள்.

சந்தியாகு அதற்குள் வெளியே போயிருந்தான். அவன் வடக்கு மூலைக்குக் கீழே, தெருவில், தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"மூலைத் தூம்ப எடுத்தாச்சாடா?" என்று மேலே கேட்டான்.

"எடுத்தாச்சு அண்ணாத்தே. சுத்திகினு உள்ள போவுது."

"போவுதா? இங்க ஒரு சொட்டு வரலியே. போற தண்ணி எங்கடா போவுது?"

எல்லாரும் கீழே வந்து பார்த்தார்கள். மற்ற தூம்புகள் கொட்டின, அந்தத் தூம்பு மட்டும் காய்ந்து கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சுவர் அடியில் மணல் குமிழ் விட்டது. குமிழ் விட்டு, பிறகு உள்வாங்கி, கை நுழைகிற பள்ளம் ஒன்று தானாகத் திறந்தது.

ஆள் போய் அலி அக்பரைக் கூட்டிவந்தார்கள். அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டார். பிறகு பூச்சைக் கொஞ்சம் தட்டி எடுத்தார். மூலைத் தூம்பை மட்டும் வெளியே நீட்டாமல், சுவருக்குள் மண்குழாய் பதித்துக் கீழே இறக்கியிருந்தார்கள். அந்தக் குழாய் இடுப்பு உயரத்தில் உடைந்திருந்தது. வருஷா வருஷம் மாடி மழை சுவருக்குள்ளேயே இறங்கி, அஸ்திவாரத்து மணலை அரித்துக்கொண்டிருந்தது. விரிசல் அதனால் வந்தது; அரித்த இடத்தின்மேல் மாடித் தண்ணீரின் பாரம் ஏறியதும் சில் முறிந்துவிட்டது.

டோரதி அந்த உடைந்த குழாயைப் பார்த்தாள். "அப்போ, எம்டன் இல்லியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்தக் கதையை ஹென்றி வந்தவர்களுக்கெல்லாம் சொல்லுவார். விருந்தாளிகளைச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த அறைக்குத்தான் கூட்டிப்போவார். அலி அக்பர் வாயைத் திறந்தார். வியாகுலம் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"குழா எப்டிம்மா ஒடையும்? குண்டு விழுந்த அதிர்ச்சில தான் ஒடைஞ்சிருக்கும்" என்றாள். "இன்னா பாய்?"

"ஆமாமா" என்றார் அலி அக்பர், தாடியைத் தடவிக்கொண்டு. "அதிர்ச்சி தான்."

பிறகு அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வூடு சாவல தங்கச்சி. கால் நனைஞ்சுகினு நிக்குது, அவ்ளோ தான். அந்த மூலையத் தோண்டி, செங்கல் வெச்சு ஏந்தி, தூம்ப வெளிய விட்டுட்டா, உன் பேரன் காலத்துக்கும் நிக்கும். உன் ஊட்டுக்காரன் செஞ்ச கூத்துக்கு ஒதைக்கணும். ஆனா இது எந்த மழைலயும் நமக்குத் தெரிஞ்சிருக்காது."

ஆனால் மூலையைத் தோண்டி ஏந்துவது யார்? வீடு இன்னும் டோரதியுடையது. படகுக்காரர்களிடம் அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் படகில் நீ தண்ணீர் ஊற்றி, அதனால் ஒரு தையல் பிரிந்தால், படகை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நீதான் தைத்துக் கொடுத்துவிட்டு நகரவேண்டும். சந்தியாகு யாரையும் கேட்கவில்லை. வாசலில் நின்று, "பிரிச்சது நாங்க. தெச்சுக் குடுத்துட்றோம்மா. அப்பால நீ யாருக்கு வேணும்னாலும் குடு" என்று சொல்லிவிட்டான்.

வியாகுலம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வீட்டைச் சரிபண்ணிக் கொடுத்து, அதை இன்னொருத்தன் வாங்கிக்கொண்டு போனால்? ஆனாலும் அவள் மறுத்துப் பேசவில்லை. அவளும் தண்டல் மகள்தான்.

படகு ஆட்கள் மணலைத் தோண்டினார்கள். அலி அக்பர் செங்கல் வைத்து, சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து இழைத்துப் பூசி, மூலைத் தூம்பை வெளியே திருப்பிவிட்டு, முன்னறைத் தளத்துக் கசிவையும் அடைத்தார். ராமசுப்பு நடு அறைக் கட்டையை மாற்றினான். வியாகுலம் காலையில் ஸ்டேஷனில் ஆப்பம் விற்று, மிச்ச மாவை அங்கே கொண்டுவந்து எல்லாருக்கும் சுட்டுப் போட்டாள். டோரதி நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்து, "மேன், அந்தக் கல்லு கோணல்" என்று மேற்பார்வை செய்தாள். கல் உண்மையிலேயே கோணலாக இருந்தது. அலி அக்பர் எடுத்து மறுபடி வைத்தார்.

வேலை முடிகிற தறுவாயில் காண்ட்ராக்டர் வில்வண்டியில் வந்து இறங்கினார். புதுப் பூச்சைப் பார்த்தார். முன்பு சொன்னதைவிட அதிகம் தருவதாகச் சொன்னார். சட்டியில் ஆப்பம் சுற்றிக்கொண்டிருந்த வியாகுலம் கையை நிறுத்திவிட்டாள். சந்தியாகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"உள்ள வந்து பாருங்களேன்" என்றாள் டோரதி.

"எதுக்கும்மா? பார்க்க என்ன இருக்கு? எனக்கு வேண்டியது மனை. இதை இடிச்சுட்டுக் கிடங்கு போடப்போறேன்."

டோரதி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"இவங்க என் வூட்டு கட்டையை மோந்து பாத்தாங்க" என்றாள். "கிணத்துத் தண்ணில ஆப்பம் சுட்டுப் பாத்தாங்க. சொவத்துல காது வெச்சுக் கேட்டாங்க. இந்தப் பைத்தியக்காரன் மொத்தக் கிணத்தையும் மேல ஊத்திப் பாத்தான். நீ வாசப்படி ஏறலையே மேன். உனக்கு எதுக்கு வூடு?"

காண்ட்ராக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு வண்டி ஏறினார். டோரதி திரும்பி, "என்னா வியாகுலம், ஆப்பம் கருகுது" என்றாள். வியாகுலத்துக்குக் கண்ணில் எதுவும் தெரியவில்லை. சட்டியை வெறும் கையால் இறக்கிச் சுட்டுக்கொண்டாள்.

பத்திரம் ஆயிற்று. டோரதி அரக்கோணம் போனாள். ஐப்பசியில் மழை பிடித்தது. கடல் இந்தத் தரம் மச்சான் வீட்டு வரிசைக்கே வந்துவிட்டது. மச்சான், அவன் பெண்சாதி, அவன் மாமியார், பழவேற்காட்டிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட அக்காள், அவள் பிள்ளைகள், படகு ஆட்களின் குடும்பங்கள் எல்லாரும் மூட்டை முடிச்சோடு ஸ்டேஷன் பின்தெருவுக்கு வந்தார்கள். முன்னறை, நடு அறை, படிக்கட்டு வரைக்கும் ஜனம். வடக்கு மூலை அறையில் மட்டும் ஒருவரும் கால் வைக்கவில்லை. விரிசல் விட்ட சுவர், தண்ணீர் குடித்த சுவர், எப்போது என்ன செய்யுமோ என்று வாசற்படியோடு நின்றார்கள்.

பட்டப்பகலில் வானம் உடைந்து ஊற்றியது. வியாகுலம் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிவிட்டு, ஒரு பாயை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனாள்.

கல்யாணமான நாளிலிருந்து மழை பெய்யும்போது அவள் கண் மூடியதில்லை. கடல் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். சந்தியாகு கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து, கூச்சல் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கையமர்த்தினான்.

"கொஞ்சம் சும்மா இருங்கடா. அவ தூங்குறா."

"அந்த ரூம்புலயா?" என்றாள் பழவேற்காட்டு அக்காள்.

"ஆமா. அந்தச் சொவத்துல தான் சாஞ்சுகினு கீறா" என்றான் சந்தியாகு.